உன் பாதிக் கரை

தொலைநோக்கியின் தோல் உறையில் இந்த மழைக்குப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இன்று காலை ஏரிக்குப் புறப்படும்முன் துடைக்க எடுத்தேன். அந்த வாடை வந்தது. ஆம்பூரில் உன் அண்ணனின் ஷூ கம்பெனியில் மிஞ்சிய தோலில் நீ தைக்கச் சொல்லி வாங்கித் தந்த உறை. உன்னை நினைப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். வாடை கேட்டுக்கொண்டா வருகிறது?

என் கணவர் இறந்த வருடம் நீ வாசலில் வந்து நின்றாய். "வீட்ல உக்காந்து சுவத்தப் பாத்துக்கினு இருக்கறதுக்கு, ஏரிக்கு வந்து பறவைய எண்ணுடி." உபரிநீர் வழியும் கலங்கலில் நின்று ஏரியை இரண்டாகப் பிரித்தோம். கிழக்குக் கரை எனக்கு, மேற்குக் கரை உனக்கு. எண்ணி முடிக்கும்வரை ஒருவர் கணக்கை மற்றவருக்குச் சொல்லக் கூடாது. "சுமார்" என்ற சொல்லை நான் தடை செய்திருந்தேன். "மதர் சுப்பீரியர் உத்தரவு! உள்ளானுங்களா, அசையாம நில்லுங்க!" என்று என்னைக் கேலி செய்து நீ கத்துவாய். எல்லாம் பறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவோம்.

ஏரியை ஆழப்படுத்தப் போவதாகவும், எந்தக் கரையைத் தொடாமல் விடுவது என்பதை நம் கணக்கைப் பார்த்தே முடிவு செய்வதாகவும் அதிகாரிகள் சொன்னார்கள். எனக்கு அதைவிடப் பெருமை வேறு வந்ததில்லை. ஆனால் பழைய கணக்குச் செல்லாது, புதிதாக வேண்டும் என்று அவர்கள் கேட்டது ஏரி காய்ந்து கிடந்த கோடையில். பறவை வரும் காலம்வரை பொறுக்கச் சொல், சேற்றைத் தோண்டிவிட்டால் உள்ளான் நிற்க இடமிருக்காது என்றேன். நீ தனியாகப் போய், மேற்குக் கரையில் பறவை இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாய்.

"ஏரிக்கு ஒதுக்குன பணம் திரும்பிப் போயிடும்டி. அப்புறம் ஏரியே பிளாட் ஆயிடும். ஆழமான ஏரியாச்சும் மிஞ்சட்டுமே."

"இல்லேன்னு சொல்றதுக்கும் எண்ணணும். நீ எண்ணலை."

"உனக்கு இன்னா, நீ சரியா இருந்தா போதும். ஏரி எக்கேடு கெட்டா இன்னா."

நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மேல்விஷாரத்தில் உன் உடலைச் சுமந்து ஜனாஸா புறப்பட்டபோது பெண்களோடு உள்ளே நின்றிருந்தேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை.

நீ சொன்னபடி ஏரி மிஞ்சியது. உன் கரையைச் செங்குத்தாக வெட்டி, நடைபாதை போட்டு, பெஞ்சும் வைத்திருக்கிறார்கள். நீர்க்காகங்கள் மூழ்கி எழுகின்றன. நெடுங்கால் உள்ளான்கள் நின்று மேய்ந்த உன் பக்கத்துச் சேறு, இப்போது அவற்றின் கால் எட்டாத ஆழத்தில் கிடக்கிறது. நான் சொன்னதும் நடந்தது. ஒப்புக்கொள்ள நீ இல்லை.

இன்றும் என் கரையை எண்ணினேன். நடக்க வந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "அந்தாண்ட பக்கம் எண்ணலையாம்மா?" என்றார்.

"அது என்னுது இல்ல."

வீட்டுக்கு வந்து கணக்கை எழுதினேன். உன் கரைக்கு நேரே இடத்தைக் காலியாக விட்டேன். பறவை இல்லை என்று சுழி போடவில்லை. எண்ணாத கரைக்குச் சுழி போடுகிறவள் நானல்ல.