பிய்க்கக் கூடாத எழுத்து

நிரோஷினி அப்பாவுக்கு,

ஆசிரியர் பயிற்சிக்கு அட்டன் போகிறேன், பொழுதுசாய வந்துவிடுவேன். ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். மகள் பக்கத்து வீட்டு வசந்தா அக்காவிடம் இருக்கிறாள்.

டின்களில் ஒட்டியிருக்கும் எழுத்துகளைப் பிய்த்துவிடாதீர்கள். "இதெல்லாம் வெளையாட்டு, மொதல்ல அ, ஆவன்னாவ மனப்பாடம் பண்ண வைங்க டீச்சரம்மா" என்று, நேற்று நான் எழுத்துச் சீட்டுகள் வெட்டும்போது கத்தினீர்களே, கேளுங்கள். இன்று காலையில் மகளே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, சீனி டின்னில் 'சீ', பருப்பு டின்னில் 'ப' ஒட்டினாள். அப்புறம் நம் கல்யாணப் போட்டோவில், உங்கள் நெற்றியில் 'கோ' ஒட்டினாள். கோழிக்காக நான் சொல்லிக்கொடுத்த எழுத்து அது.

"அப்பாவுக்கு ஏன்டி கோ?"

"கோவம்."

சிரித்துச் சிரித்தே பஸ்ஸை விட்டுவிடுவேன் போலிருக்கிறது.

பி.கு.: அந்தக் 'கோ'வையும் நீங்கள் பிய்க்கக் கூடாதாம். நீங்கள் சிரித்தால் அவளே எடுத்துவிடுவாளாம்.