என் முதுகுக்கு வந்த தலைப்புகள்

பிப்ரவரி 3, திங்கள்

மூட்டுக்கு மருந்து தடவிக்கொண்டே செய்தித்தாளைப் பிரித்தேன். 'எழுத்தறிவு எட்டாத பெண்கள்' என்ற தலைப்புக்குக் கீழே நான். கறுப்பு அங்கியில் என் முதுகு. தோளில் பள்ளிக்கு எடுத்துப்போன பச்சைப் பை, வாரில் நான் போட்ட நீல நூல் தையல். முப்பத்து நான்கு வருடம் கணிதம் நடத்தியவளுக்கு இந்தப் பட்டம் புதுசு.

பிப்ரவரி 4

மகளிடம் காட்டினேன். அதே பத்திரிகையில்தான் அவள் செய்தியாளர். முகம் செத்துவிட்டது. படத்தை எடுத்ததே அவள்தானாம் — ஆறு வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், மருத்துவமனை வரிசை பற்றிய செய்திக்கு. முகம் தெரிந்தால் நான் திட்டுவேன் என்று பின்னாலிருந்து. பத்திரிகையின் படச் சேமிப்பில் ஏற்றும்போது அவசரத்தில் 'முஸ்லிம் பெண்' என்று மட்டும் குறித்திருக்கிறாள்.

"நம்மளை உள்ளபடி காட்டுங்கன்னு தினமும் மீட்டிங்ல சண்டை போடுறதும் நான். இதைச் செஞ்சதும் நான்தான், உம்மா."

பிப்ரவரி 6

அந்தப் படம் இதுவரை பதினோரு முறை வந்திருக்கிறதாம். மணவிலக்கு, வறுமை, ஒருமுறை குண்டுவெடிப்பு. கணக்கில் 'x என வைத்துக்கொள்வோம்' என்போமே, யார் எந்த எண்ணைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும் — அப்படி ஆகிவிட்டது என் முதுகு. குண்டுவெடிப்புக்குமா? நான் குக்கர் விசிலுக்கே திடுக்கிடுகிறவள்.

பிப்ரவரி 10

படத்தை நீக்கச் சொன்னாளாம். படப் பிரிவுப் பொறுப்பாளர் சிரித்திருக்கிறார்: "முகம் இல்லாததுதாம்மா வசதி. யாரும் கேஸ் போட மாட்டாங்க."

"அது எங்க உம்மா, சார்."

எடுத்தது நீதானே என்று அவள் பக்கமே திருப்பிவிட்டார்கள்.

பிப்ரவரி 11

தூங்க முடியவில்லை. அவளுக்கும், எனக்கும்.

பிப்ரவரி 15

தன் தவறைத் தன் பெயரிலேயே எழுதப்போகிறாளாம். படத்தில் இருப்பது யார் என்பதும் வரும். சம்மதமா என்று கேட்டாள். வேலை போனால்? இந்த வயதில் ஊர் வாயில் விழணுமா நான்? தப்பான கணக்கை அழிக்காதே, ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே சரியானதைப் போடு என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னவள் நான். எனக்கென்று வரும்போது மட்டும் ரப்பர் தேடுகிறேன்.

எழுது என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 19

அவள் எழுதியது வந்துவிட்டது, கீழ் மூலையில், விரலால் மறைத்துவிடலாம். படத்தைச் சேமிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவளையும் அரசியல் செய்தியிலிருந்து நீக்கி ஊர்ச் செய்திக்குப் போட்டுவிட்டார்கள்.

"வேலையை விட்டுடவா, உம்மா?"

தலையைத் தடவிக்கொடுத்தேன்.

மார்ச் 12

குழாய்க்காகத் தெருவில் தோண்டிய பள்ளம் இரண்டு மாதமாக மூடாமல் கிடக்கிறது. அதுபற்றி எழுத, சொந்தத் தெரு என்பதால் மகளுக்குப் பதில் வேறொருவர் வந்தார், புகைப்படக்காரரோடு. நீளம், அகலம், ஆழம், எத்தனை லாரி மண் வேண்டும் — எல்லாம் சொன்னேன். புகைப்படக்காரர் பழக்கதோஷத்தில் எனக்குப் பின்னால் போய் நின்றார்.

"அங்கேருந்து என்ன தெரியும், தம்பி? முன்னாடி வாங்க."

மார்ச் 13

படத்தில் பள்ளமும், எரிச்சலோடு என் முகமும். கீழே என் பெயர், 'ஓய்வுபெற்ற கணித ஆசிரியை'. வேறொன்றும் இல்லை. மகள் மூன்று முறை வாசித்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.