பட்டியலில் இல்லாத மாப்பிள்ளை

இன்று காலைத் தபாலில் என் மரமில்லின் தொழிலாளர் பாலிசி புதுப்பித்து வந்தது. உறையைப் பிரித்தேன். முகவர் என்ற இடத்தில் யாரோ ஒருவருடைய பெயர். பத்து வருடமாக அங்கே உன் பெயரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஏதோ தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. நீ கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. ஆனாலும் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பி உன் பெயரைத் தேடினேன்.

முதல்முதலாக நீ பாலிசி பேச வந்தபோது உன்னைக் கழற்றிவிடத்தான் பார்த்தேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனாயிற்றே என்று டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

"நம்ம மில்லுல இதுவரைக்கும் ஒரு ஆளுக்குக் கீறல் விழுந்ததில்லப்பா" என்றேன்.

"விழுந்தப்பறம் வந்து கேட்டா எந்தக் கம்பெனியும் தராதுப்பா" என்றாய்.

உனக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். ஏதோ ஆட்களுக்குத் தருமம் செய்வதாக எனக்கு ஒரு நினைப்பு வேறு. கூலிப் பதிவேட்டைப் பார்த்து ஏழு பேர் என்று எழுதிக்கொண்டவன், மில்லுக்குள் எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினாய்.

"ரம்பத்துக்கிட்ட நிக்கிறவுக பேரு இதுல இல்லையே?"

"அவுக எங்க வீட்டு மாப்பிள்ளைப்பா. தங்கச்சி வீட்டுக்காரரப் போயி கூலியாளுன்னு எழுதுறதா? ஊரு சிரிக்கும்."

"மாப்பிள்ளைன்னு ரம்பத்துக்குத் தெரியுமா?"

கீழச்சிவல்பட்டியில் கிணறு வற்றி, நிலத்தைப் போட்டுவிட்டு, உன் வீட்டுக்குப் பின்தெருவில் வாடகைக்குக் குடிவந்தவர் மாப்பிள்ளை. சனிக்கிழமை மற்றவர்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுக் கூலி வாங்குவார்கள். மாப்பிள்ளையை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனசு வராது. அவருடைய பணத்தைத் தங்கச்சி கையில், "செலவுக்கு வச்சுக்கத்தா" என்று கொடுப்பேன். மரியாதை என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் நீ அவர் பெயரைச் சேர்க்கச் சொல்வாய். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

மூன்றாம் வருடம் அது நடந்தது. வேங்கைக் கட்டைக்குள் ஒரு பழைய ஆணி இருந்திருக்கிறது. ரம்பம் அதில் பட்டுக் கட்டை துள்ளியது. மாப்பிள்ளைக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

ஆஸ்பத்திரி வாசலில் உன்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனேன். "போன மாசத் தேதியப் போட்டு அவுக பேரைச் சேத்துருப்பா. நமக்குள்ள தான" என்றேன்.

"செய்ய மாட்டேன். அது பொய்யின்னு தெரிஞ்சா மத்த ஏழு பேரையும் யாரு நம்புவா?" என்றாய். பிறகு, "நீ இன்னும் புரிஞ்சுக்கல. பாலிசி அவுகளுக்கு இல்லப்பா, ஒனக்கு. நஷ்டஈடு வாங்குற பாத்தியத அவுகளுக்குச் சட்டத்துலயே இருக்கு. பேரு இருந்தா ஒனக்காகக் கம்பெனி கொடுக்கும். இல்லையா, நீ கொடுக்கணும்" என்றாய்.

அடுத்த மாதம் மதுரைத் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு நோட்டீஸ் வந்தது. கூடவே நஷ்டஈடு கேட்ட மனுவின் நகல். கீழே மாப்பிள்ளை இடது கையால் கிறுக்கிய கையெழுத்து. மேலே இருந்தது முழுக்க உன் குண்டு எழுத்து. அப்படியே உன் வீட்டுக்கு வந்தேன்.

"எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு ரெண்டகம் பண்ணிட்டியே!"

"நாந்தான் எழுதுனேன். கோவம்னா எம்மேலயே வச்சுக்க" என்றாய். அதற்குப் பிறகு நான் பேசியதை எழுதக் கை கூசுகிறது.

வக்கீல் எனக்கு ஒரு வழி சொன்னார். "கூலி கொடுத்ததுக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்ல. சொந்தக்காரரு, ஒத்தாசைக்கு வந்து நின்னாருன்னு சொல்லிருங்க. கேஸ் நிக்காது." நான் காட்டிய மரியாதையே மாப்பிள்ளைக்கு வினையாக வந்து நின்றது.

அதைச் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் மதுரைக்கு பஸ் ஏறினேன். மறைக்க என்ன இருக்கிறது? அதிகாரி, "இவர் உங்ககிட்ட சம்பளத்துக்கு வேலை பார்த்தாரா?" என்று கேட்டார். எதிரே மாப்பிள்ளை துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் இல்லையென்று சொல்லியிருந்தால், என் முகத்துக்காக அந்த மனுஷன் அதற்கும் தலையாட்டியிருப்பார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"ஆமா, நாலு வருஷமா" என்றேன். வக்கீல் என்னை முறைத்தார்.

செக்காலையில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றுப் பணத்தைக் கட்டினேன். அந்தப் பணத்தில் மாப்பிள்ளை கிணற்றை ஆழப்படுத்தினார். இப்போது பாதி நாள் வயலில், பாதி நாள் என் மில்லில் மேற்பார்வை. பதிவேட்டில் முதல் பெயர் அவருடையது. நானே எழுதினேன்.

உன்னோடு மட்டும் இரண்டு வருடம் பேசவில்லை. பிறகு பேசினோம். ஆனால் பழைய மாதிரி இல்லை என்பது உனக்கும் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மனு எழுதிவிட்டானே என்ற கசப்பு எனக்குள் ஒரு மூலையில் கிடந்தது.

உன்னை அடக்கம் செய்துவிட்டு மாதா கோவிலிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது தங்கச்சி அழுதுகொண்டே வந்தாள். "அண்ணே, மனு எழுதுனது ஒங்க கூட்டாளி யோசனை இல்ல. நான்தேன் போயி, எழுதித் தாங்கன்னு கெஞ்சினேன். 'ஒங்க அண்ணன் கேட்டா எம் பேரச் சொல்லிரு. அவன் என்கிட்டப் பேசாட்டியும் பரவால்ல. ஒன் வீட்டு வாசலை மிதிக்காம இருந்துறக் கூடாது'ன்னாக."

அந்த இரண்டு வருடமும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவளுக்குச் சீர் கொண்டுபோனேன். உன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நீ வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பேன். என் கையிலிருந்த சீர்த்தட்டைப் பார்த்து உனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்பது இப்போதுதான் புரிகிறது. மன்னிச்சிருப்பா.