அம்புக்குறி அசையாமல் நின்ற நேரம்

வவாவு தீவு,
மார்ச் இரண்டாம் ஞாயிறு.

அன்பு மகன் பெனிசிமானிக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் எழுந்து நடமாடுகிறோம், அந்த அளவுக்குச் சுகம். நீ ஆக்லாந்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நாங்களாகவே சொல்லிக்கொள்கிறோம், உன்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை, போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. ஐந்து மாதம் ஆகப்போகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். தானியேலா மாமா கண் ஆபரேஷனுக்காக வியாழக்கிழமை அங்கே வருகிறார், அவர் கையில் இதையும் கரைத்துக் குடிக்கக் கொஞ்சம் காவா வேர்ப்பொடியையும் கொடுத்துவிடுகிறேன். நீ உறையைக் கிழித்துப் படிக்க ஆரம்பிக்கும்வரை உன் வாசலைவிட்டு நகரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், அவர் பிடிவாதம் உனக்குத் தெரியும், பேசாமல் கிழித்துவிடு. இங்கே வள்ளிக்கிழங்கு இந்த வருஷம் நன்றாக இறங்கியிருக்கிறது. கறுப்புப் பன்றி எட்டுக் குட்டி போட்டு, எட்டும் போதகர் வீட்டுச் சேம்பைத் தின்றுவிட்டு வந்து எங்கள் வாசலில் படுத்துக்கொள்கின்றன, அவர் பிரசங்கத்தில் அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னையே பார்க்கிறார். அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, பாயில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். கறுப்புதான் உடுத்துகிறாள், வருஷம் முடியும்வரை கழற்றமாட்டாள். அக்கா கல்லறையில் வெள்ளை மணல் கொட்டிச் சுற்றிலும் கறுப்புக் கூழாங்கல் பதித்தாயிற்று, கால்மாட்டில் மட்டும் இரண்டு முழம் வெற்று மணலாக விட்டிருக்கிறோம், அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடக்கத்துக்கு நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். அக்காவின் சாவில் தம்பியின் இடம் பின்பக்கம் அடுப்பங்கரையில்தானே, பெரிய கிழிந்த பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு புகையில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் பன்றி சுட்டுக்கொடுக்கவேண்டியவன் நீ, உனக்கென்று எடுத்து வைத்த பாய் மூன்று நாளும் வேலிமேல் கிடந்தது. ஊர் கேட்டது, நான் என்ன பதில் சொல்வது? அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை அம்மாவிடம் பேசினாய், “நான் அந்த வீட்டுப் படி ஏறக்கூடாதும்மா, ஏன்னு கேக்காதீங்க” என்று சொல்லி வைத்தவன் வைத்தவன்தான். உனக்கு என்மேல் கோபம் என்று நினைத்தேன். ஆகஸ்டில் போனில் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேனே, அதை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய், இருக்கட்டும் இவன் ரோஷம் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஃபூசி அத்தை வந்துவிட்டுப் போன பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அதைச் சொல்வதற்கு ஜூலை மாதத்திலிருந்து வரவேண்டும், பொறுமையாகப் படி.

அக்காவின் கணினியைக் கெடுத்தவன் நான்தான், உனக்குத் தெரிந்ததே. அவள் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் அதைத் திறந்தேன். ரக்பி ஆட்டத்தைக் காசில்லாமல் காட்டுகிறேன், இங்கே அழுத்து என்றது, அழுத்தினேன், இன்னொன்றையும் அழுத்து என்றது, அதையும் அழுத்தினேன். ஆட்டம் வரவில்லை, துணியில்லாத பெண்கள் வந்தார்கள். ஒன்றை மூடினால் இரண்டு முளைத்தது, நடுவில் உன் கணினிக்கு ஆபத்து என்று சங்கு வேறு ஊதியது. எதுவும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் பாடகர் குழுவின் பாட்டுத் தாளைப் பார்க்கப் போதகர் வந்தபோது உன் அக்கா லோசலினே கணினியைப் போட, அவர் கண்ணெதிரிலேயே மறுபடி அவர்கள் வந்து நின்றார்கள். அம்மா படுக்கை விரிப்பை உருவி அதன்மேல் போர்த்தினாள். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், போதகர் தேநீரை வைத்துவிட்டு ஜெபம் பண்ண ஆரம்பித்தார். இதுதான் நீங்கள் பார்த்த ரக்பியா என்று அம்மா ஒரு வாரம் என்னைக் குத்திக்காட்டினாள். அன்றைக்குப் போதகர் போன பிறகு நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்புதான் இந்த வீட்டில் கடைசிச் சிரிப்பு.

உன்னைக் கூப்பிட்டேன். ஊரார் கணினியையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து சுத்தம் செய்வதுதான் உன் பிழைப்பு, சொந்த வீட்டுக்குச் செய்யமாட்டாயா என்று கேட்டேன். நீ தயங்கினாய். “அது அக்கா ரூம்ல இருக்குப்பா. அக்கா சாமான். நான் எப்படி உள்ள வர்றது?” என்றாய். சரியாகத்தான் சொன்னாய், நான் வளர்த்த பிள்ளை. பத்து வயதில் உன்னைப் பின்னாலிருந்த குடிசைக்கு மாற்றியவன் நான், அக்கா இருக்கும் அறையில் டி.வி.யில் ஆணும் பெண்ணும் நெருங்கி நின்றாலே எழுந்து வெளியே போ என்று சொல்லிக்கொடுத்தவன் நான். அறுபத்தாறு வயதாகிறது, என் அக்கா ஃபூசியின் அறைக்குள் நான் இன்றுவரை எட்டிப்பார்த்ததில்லை. அப்படிப்பட்ட நான் உன்னிடம் வாதாடினேன். நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய், கால் உள்ளே படவில்லை, கையும் படவில்லை, இதில் என்ன நுழைவது இருக்கிறது என்றேன். அக்காவிடம் கேட்டீர்களா என்றாய், கேட்டேன், தம்பி செய்யட்டும் என்றாள், அது பொய்யில்லை. நீ வருகிற நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டேன், பாட்டுப் பயிற்சிக்குப் போய்விடுகிறேன் என்று சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினாள். போகும்போது, “அதை அணைச்சுடாதீங்கப்பா. இருக்கிறபடியே இருக்கட்டும், தம்பி பார்த்துக்குவான்” என்று வாசலில் நின்று சொன்னாள். சரி என்று தலையாட்டினேன், அதில் வேறு என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்.

நீ கேட்டபடி திரையில் இருந்த கணினி எண்ணைப் போனில் படித்தேன், அனுமதிக்கலாமா என்று கேட்ட பெட்டியில் நானே அழுத்தினேன். அம்புக்குறி தானாக நகர்ந்ததும் அம்மா “வந்துட்டான்” என்றாள். திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அது போகிற இடமெல்லாம் விரலால் தொட்டுக்கொண்டே போனாள், சாப்பிட்டாயா என்று அதனிடமே கேட்டாள். நீ போனில் சிரித்தாய். அந்த அசிங்கங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தாய், இருபதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் கடைசியாக ஒரு பக்கம் இருந்தது, வெறும் எழுத்து, மேலே ஏதோ முத்திரை. கண்ணாடி இல்லாமல் எனக்கு எல்லாமே எறும்பு வரிசை. அங்கே வந்ததும் அம்புக்குறி நின்றுவிட்டது. லைன் போய்விட்டதா என்று கேட்டேன். அம்மா திரையைத் தட்டிப்பார்த்தாள். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு அந்தப் பக்கத்தை மெதுவாக மூடினாய், வேண்டாதவற்றை அழித்தாய், ஏதோ ஒன்றை ஓடவிட்டாய், அது இரண்டு மணி நேரம் ஓடியது. முடிந்தது என்று சொன்னபோது உன் குரல் கம்மியிருந்தது, சளி பிடித்திருக்கிறது, இஞ்சி போட்டுக் குடி என்று சொன்னேன்.

ஒன்பதாம் நாள் இரண்டு டிக்கெட் அனுப்பினாய், ஆகஸ்ட் இரண்டாம் வாரம். அம்மா முழங்காலை அங்கே நல்ல டாக்டரிடம் காட்டவேண்டும், துணைக்கு அக்காவும் வரட்டும் என்றாய். செப்டம்பரில் சபைகளின் பாட்டுத் திருவிழா, நான் சபைக் காரியஸ்தன், எங்கள் குழுவை நடத்துகிறவள் என் மகள், அவள் இல்லாமல் போனால் மற்ற ஊர்க்காரர்கள் முன்னால் என் முகம் என்னாவது என்றுதான் எனக்குத் தோன்றியது. முழங்கால் எங்கே ஓடிப்போகிறது, பாட்டு முடிந்து அக்டோபரில் போகலாம் என்றேன். லோசலினே என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். “சரிப்பா” என்றாள், அவ்வளவுதான். நீதான் விடவில்லை, ஒரே நாளில் நான்கு முறை கூப்பிட்டாய், தேதியை மாற்றாதீங்கப்பா என்று கெஞ்சினாய், காரணம் கேட்டால் சொல்லவில்லை. ஆக்லாந்துத் தண்ணீர் குடித்ததும் அப்பனுக்கே உத்தரவு போடுகிறாயா என்று கத்தினேன். நானே நகரத்துக்குப் போய்த் தேதியை மாற்றிவிட்டு வந்தேன்.

திருவிழாவில் எங்களுக்குத்தான் முதலிடம். அடுத்த வாரமே அவள் பள்ளிக்கூடத்தில் விழுந்தாள். விமானத்தில் தலைநகருக்குக் கொண்டுபோனோம். மார்பில் கட்டி, ஈரல்வரை போய்விட்டது என்றார்கள், ஜூலையிலேயே நியூசிலாந்துக்குப் போகச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறோமே என்றார்கள். எந்தக் கடிதம் என்று அம்மாவும் நானும் விழித்தோம். பதினெட்டு நாள் கிடந்தாள். அந்தப் பதினெட்டு நாளும் ஃபூசி அத்தைதான் பக்கத்தில் இருந்தது.

அந்த அத்தைதான் போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தது. நீ இனி வரவேமாட்டாய் என்று அம்மா சொல்லி அழுதாளாம், அதைக் கேட்டுத்தான் வந்தது. மேல்பக்கத்துப் பாயில் உட்கார்ந்து, என்னைக் கீழே உட்காரச் சொல்லி, லோசலினே கடைசியில் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னது. அதை அப்படியே எழுதுகிறேன். “அந்த ஆஸ்பத்திரிக் கடிதப் பக்கத்தை நான் மறந்து விட்டுட்டுப் போகல அத்தை. வேணும்னேதான் திறந்து வச்சேன். என் தம்பிகிட்ட இதை நான் எந்த வாயால சொல்லுவேன்? அம்மாகிட்ட சொன்னா அம்மா தாங்க மாட்டாங்க. அவன் கண்ணுல படட்டும்னு வச்சேன், பட்டுது, டிக்கெட் அனுப்பிட்டான். தம்பி செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டான், அக்கா சந்தோஷமா போனாள்னு அவன் வந்ததும் நேர்ல சொல்லுங்க.” நீ அடக்கத்துக்கு வருவாய், வந்ததும் சொல்லலாம் என்று அத்தை காத்திருந்தது. போனில் சொல்கிற வார்த்தையா இது என்று வைத்துக்கொண்டே இருந்துவிட்டது.

இன்னொன்றும் சொன்னாளாம். அப்பாவுக்கு மட்டும் இது தெரியவேண்டாம், தேதியை மாற்றியதை நினைத்து நினைத்துச் செத்துப்போவார் என்றாளாம். அப்படியானால் என்னிடம் ஏன் சொல்கிறீர்கள் அக்கா என்று கேட்டேன். “செத்தவளுக்குக் குடுத்த வாக்கைப் பாக்கவா, இருக்கிறவனைப் பாக்கவா? உன் மகன் அங்க தான் ஏதோ பாவம் பண்ணிட்டதா நினைச்சுச் செத்துக்கிட்டிருக்கான். நீ தாங்கிக்க மோசேசே, உனக்கு வயசாச்சு” என்றது அத்தை. எழுந்து போய்விட்டது. தேநீர்கூடக் குடிக்கவில்லை.

பெனி, அக்காவின் அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டேன் என்று நீ நினைத்திருக்கிறாய். பார்த்ததை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததால்தான் அவள் போனாள் என்றும் நினைத்திருக்கிறாய். இரண்டும் இல்லை. அவள் கதவைத் திறந்து வைத்தாள், நீ வந்தாய். ஒரு வார்த்தை பேசாமல் அக்காவும் தம்பியும் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டீர்கள், மரியாதையில் ஒரு துளி குறையவில்லை. நடுவில் வந்து கெடுத்தவன் நான், கணினியைக் கெடுத்தது போலவே, என்ன ஏது என்று தெரியாமல். ஆகஸ்டில் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று தலைநகர் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன், அப்போதே முற்றியிருக்கலாம், சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டுதான் இந்த ஒரு வாரமாகப் படுத்து எழுந்திருக்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று பெருந்தன்மையாக ஒரு கடிதம் எழுத கிறிஸ்துமஸிலிருந்தே நினைத்திருந்தேன். இப்போது நான்தான் உன்னிடம் கேட்கவேண்டியிருக்கிறது. அப்பன் மகனிடம் கேட்பது நம் வழக்கத்தில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

கால்மாட்டில் விட்டிருக்கும் இரண்டு முழம் உன் பங்கு. கல்லை அம்மா எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கூடையில் வைத்திருக்கிறாள். அக்டோபரில் கறுப்புக் கழற்றுகிறபோது வா, அதற்கு முன்னாலேயே வந்தாலும் வா, என்மேல் கோபத்தோடு வந்தாலும் வா. படியில் அத்தை நின்று உன்னைக் கைப்பிடித்து அழைத்துப்போகும், அதற்கு மேல் இந்த ஊரில் யாரும் பேச முடியாது. ஆண்டவர் உன்னைக் காப்பாராக, உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. குளிர் தொடங்கப்போகிறது, ஈரச் சாக்ஸோடு நிற்காதே. தானியேலா மாமாவுக்குக் கண்ணில் கட்டு இருக்கும், ஊருக்குத் திரும்பும்போது விமான நிலையத்தில் கொண்டுபோய் விடு. மறக்காதே, இன்னொன்று இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் அம்மா அக்கா அறைக்குப் போய்க் கணினியைப் போட்டுவிட்டு அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இருட்டும்வரை. அந்தக் கணினி எண்ணை உறையின் உட்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அனுமதி கேட்டால் அழுத்த அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். பேசவேண்டாம், எதுவும் செய்யவேண்டாம், ஒரே ஒரு தடவை அதை அசைத்துவிட்டுப் போ.

உன் அப்பா,
மோசேசே