அளவான பக்தி

மார்ச் 3, செவ்வாய்

எனக்கு நிரந்தர வசிப்பு அனுமதி வந்துவிட்டது. மனைவிக்கு வரவில்லை. ஒரே நாளில், ஒரே கவுண்டரில், ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கிக் கையெழுத்துப் போட்டோம். மதம் என்ற இடத்தில் நான் ‘இல்லை’ என்று எழுதினேன். அவள் தனக்கு இருப்பதை எழுதினாள். ஆகவே அவளுக்கு மட்டும் ‘கூடுதல் சரிபார்ப்பு’.

“பாத்தியா, கடவுள் நாத்திகனுக்குத்தான் சலுகை குடுக்கறார்” என்றேன்.

“அவர் யாருக்கு என்ன குடுக்கறார்னு அப்புறம் பேசலாம். பால் பொங்குது, அடுப்பை அணைங்க.”

மார்ச் 11, புதன்

நியாயமாக எழுத வேண்டும். போன வருடம் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்த பிறகு வந்த விதி இது. வைத்தவன் இவள் மதம்தான்; வேறு ஊர், வேறு வழிபாட்டுக் கூடம். ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் அதில் தங்கையைப் பறிகொடுத்தவர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் பக்கவிளைவுகளை நான் பிழை திருத்துகிறேன். அவர் அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன எழுத்தில் அடுக்குகிறார். மனைவி விஷயத்தைச் சொன்னேன்.

“உன் பொண்டாட்டிய நான் சொல்லலப்பா” என்றார். “ஆனா யாராவது பாக்கணும்ல?”

குண்டு வெடித்த வாரம் பேருந்தில் ஒருவர் மடியில் பையோடு, கண்ணை மூடி, உதடசைத்துக்கொண்டிருந்தார். நான் முன்நிறுத்தத்திலேயே இறங்கி மிச்சத்தை நடந்தேன். வீட்டுக்கு வந்தால் இவள் கண்ணை மூடி உதடசைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 20, வெள்ளி

கணவன் என்ற முறையில் இன்று என்னை விசாரித்தார்கள். அறைச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு வாசகம்: ‘எவரும் தாம் விரும்பும் கடவுளை வழிபடலாம்.’ அதற்கு மேலே ஒரு கேமரா. அதிகாரி நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்தார்.

“உங்க மனைவி நிறைய வேண்டிக்குவாங்களா சார்?”

“தினம் காலையில.”

“முன்னைவிட அதிகமா?”

என் மாமியார் இறந்த பிறகு அதிகம்தான். சொன்னேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியும். பொய் சொல்ல வேண்டிய கேள்வி இது என்றுதான் தெரியவில்லை.

“எதுக்காக வேண்டிக்கறாங்க?”

“பெரும்பாலும் எனக்காகத்தான். நான் திருந்தணுமாம். பன்னிரண்டு வருஷமா அந்த மனுவும் நிலுவையிலதான் இருக்கு.”

சிரித்தார். அங்கேதான் கெட்டேன். ஒரு ரசிகர் கிடைத்தால் போதும், நான் நடுத்தெருவிலும் கச்சேரி வைப்பேன்.

“திருந்தாட்டி?”

“நேரா நரகம்தான் சார். எனக்கு எண்ணெய்ச் சட்டியெல்லாம் காஞ்சு தயாரா இருக்கு.”

மறுபடி சிரித்தார். சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

பரிசீலனையில் உள்ளதாம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நாங்கள் வைத்திருக்கும் வக்கீலம்மா மனைவியின் கோப்புச் சுருக்கத்தை வாங்கிவிட்டார். வீட்டுக்கே வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே படித்துக் காட்டினார். ‘நம்பாதவர்களுக்குக் கடும் தண்டனை உண்டு என்று கருதுபவர். கணவரை மாற்ற நெடுங்காலமாக முயல்கிறார். அண்மையில் ஈடுபாடு தீவிரமாகியுள்ளது. எண்ணெய் காய்ச்சுவது பற்றிய குறிப்பு உள்ளது.’

“எண்ணெயா?” என்றாள் மனைவி. “நான் எங்க எண்ணெய் காய்ச்சினேன்?”

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

“ஜோக்கு அடிச்சீங்களாக்கும்” என்றாள். அவ்வளவுதான்.

அனுமதி மறுத்துவிட்டார்கள்; ஜூலையில் மறுபரிசீலனை. அதிலும் இல்லை என்றால் இவள் நாட்டை விட்டுப் போக வேண்டும். மகள் இங்கே பிறந்தவள், நான் அனுமதி பெற்றவன். எங்களுக்கு ஆட்சேபம் இல்லையாம். குடும்பத்தில் மூன்றில் இரண்டு பேர் பாஸ்.

“வேண்டிக்காதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன்மா” என்றார் வக்கீலம்மா. “அது உங்க உரிமை. சட்டத்துலயே இருக்கு. கொஞ்ச நாளைக்கு அந்த உரிமையப் பயன்படுத்தாம இருங்கன்னுதான் சொல்றேன்.”

“நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. அதை எப்படிம்மா நிரூபிக்கறது?”

ஏப்ரல் 21, செவ்வாய்

வேண்டுவதை நிறுத்த முடியாது என்றே இருந்தாள் மனைவி. எங்கள் வீட்டு நீதிபதி, ஒன்பது வயது, எதற்கும் தீர்ப்பு வைத்திருப்பவள், இன்று சீப்போடு வந்து நின்றாள்.

“அம்மா போய்ட்டா எனக்கு யாரு தலை பின்னுவாங்க? அப்பாவா?” என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “மொட்டையே அடிச்சிடலாம்.”

மனைவி சிரித்தாள். பின்னி முடித்து, ரிப்பன் கட்டி, அனுப்பிவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

மே 8, வெள்ளி

இவள் கூடத்துக்குப் போவதில்லை. அங்கிருந்து பெரியவர் போன் செய்தார். “உடம்புக்கு என்னம்மா?” என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் வேலை அதிகம் என்றாள். நானறிந்து இவள் சொன்ன முதல் பொய். ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று முறை மூச்சு விட்டாள்.

விடியலில் எழுந்துவிடுகிறாள். பழக்கம். எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சும்மா இருக்கிறாள். நான் தூங்குவது போல் படுத்திருக்கிறேன். இத்தனை வருடம் ‘காலங்காத்தால முணுமுணுப்பு’ என்று கேலி செய்தவன். இப்போது அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரிடம் சொல்ல? என்னவென்று சொல்ல?

மே 28, வியாழன்

மறுபடி அழைப்பு. அதே அறை, அதே தண்ணீர்.

“உங்க மனைவி திடீர்னு கூடத்துக்குப் போறதில்லையே சார். ஏன்?”

போனால் தீவிரம். நின்றால் திட்டம்.

“யாராவது மறைச்சு வச்சுக்கச் சொன்னாங்களா?”

நீங்கள்தான், ஐயா. நாக்கு நுனி வரை வந்தது. இந்த முறை விழுங்கினேன்.

“நம்பிக்கை குறைஞ்சிடுச்சு” என்றேன்.

அவர் முகம் வாடியது. நடிப்பில்லை, உண்மையாகவே. “அடடா” என்றார். “கஷ்டமா இருக்கு கேக்கறதுக்கு. நானும் வாரா வாரம் போறவன்தான். எங்க கூடம் வேற.” கொஞ்சம் யோசித்தார். “நாங்க சும்மா இருந்து நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீங்களே வந்து கேப்பீங்க சார், என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு.”

கேட்பேன். கட்டாயம் கேட்பேன். அதுதான் வயிற்றெரிச்சல் — இவரைத் திட்டக்கூட முடியவில்லை.

ஜூலை 6, திங்கள்

வீட்டைப் பார்க்க ஒரு பெண் அதிகாரி வந்தார். வழிபாட்டுப் பொருள்கள் இருந்த அலமாரி மேல்தட்டை இவள் நேற்றே காலி செய்து, அங்கே என் அகராதிகளை அடுக்கியிருந்தாள். அதிகாரி அகராதிகளைப் பார்த்து, “நிறைய படிப்பீங்களோ?” என்று பாராட்டினார். நீதிபதியிடம் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டார். காப்பி குடித்தார். போனார்.

“நல்லவங்களா இருக்காங்க” என்றாள் மனைவி. எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

ஜூலை 24, வெள்ளி

வந்துவிட்டது. அனுமதி. காரணக் குறிப்பில்: ‘சமய ஈடுபாடு அளவானது.’

நீதிபதி சோபா மேல் ஏறிக் குதித்தாள். பக்கத்து மேஜைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சந்தோஷம்ப்பா, நெஜமாவே” என்றார். வக்கீலம்மா, “பாத்தீங்களா, சட்டம் சரியா வேலை செஞ்சிருக்கு” என்றார். இவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “போட்டோ நல்லா வந்திருக்கு” என்றாள்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். மேல்தட்டில் இன்னும் அகராதிகள். இன்று கேட்டேவிட்டேன்.

“இனி ஒரு தடையும் இல்லையே. கூடத்துக்குப் போயிட்டு வாயேன். வேணும்னா நானும் வர்றேன்.”

“நீங்களா?”

“வாசல்ல நிக்கறேன். செருப்பப் பாத்துக்கறேன்.”

சிரிக்கவில்லை. ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“பாத்துட்டேங்க. போன வாரம் காலைல உக்காந்து பாத்தேன். முன்னெல்லாம் கேக்கறது ஒருத்தர்தான்னு நிச்சயமா இருந்துச்சு. இப்ப கண்ண மூடினா, இதை எப்படிச் சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டாங்கன்னு யோசனை ஓடுது. சொல்லச் சொல்லத் திருத்திக்கிட்டே இருக்கேன். உங்களுக்காக வேண்டிக்க ஆரம்பிச்சேன். அதோட எந்திரிச்சுட்டேன்.”

வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். கிளிப் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவள் ஒவ்வொன்றாக உதறிப் போட்டாள். நான் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.