மூன்றாம் வாயிலில் மாட்டாத நடு முத்திரை

அலைவாய் நாட்டுக் கோமகள் சேந்தன்மாதேவி, தீவுக்கோட்டைத் தளபதி அதியரையருக்கு விடுக்கும் ஓலை. உம் மதில் நிலைக்க. முற்றுகைக்குள் பசித்திருக்கும் நாலாயிரம் பேருக்கும் சோறு கிடைக்க.

பகைவர் பொய்த்துறை கட்டி நம் நெல்படகுகளைக் கவர்ந்ததால், கோட்டையின் நான்கு நீர்வாயில்களிலும் மூன்று முத்திரைகள் தொங்க விதித்தோம்: வாயிலின் முத்திரை, அதற்குச் சான்றான நடு முத்திரை, நடு முத்திரைக்குச் சான்றான நம் முத்திரை. ஒன்று குறைந்தாலும் படகு திரும்பிவிட வேண்டும். இம்மாதம் அவற்றைப் புதுப்பித்து அனுப்பியவன் முத்திரையதிகாரி நக்கன்பூதன். அன்றுமுதல் நாலில் ஒரு படகு, முத்திரையில் நம்பிக்கையில்லை என்று திரும்புகிறது. திரும்பும் படகோட்டிகளுக்கோ அது எந்த வாயில் என்று சொல்லத் தெரியவில்லை.

நீரும் பூதனும் ஏழுமுறை படகேறிச் சோதித்தீர். ஏழுமுறையும் குறையில்லை. எப்படி இருக்கும்? படகுகளை முறைவைத்து நான்கு வாயிலுக்கும் பிரித்தனுப்பும் துறைக்காரன், கொடி கட்டிய படகைக் கண்டால் மரியாதைக்காக முதல் வாயிலுக்கே விடுகிறானே ஐயா! அது தெரியாமல், முத்திரையே போலி என்று பூதனை மூன்றாம் வாயிலின் மேலறையில் பூட்டினீர். பௌர்ணமியன்று சிரச்சேதம் என்றும் அறிவித்தீர்.

அடைபட்ட பின்னரே அவனுக்கு விளங்கியது. தலைகூட நுழையாத சாளரத்தின் கீழே வந்த படகெல்லாம் திரும்பின. நடு முத்திரையைக் காணோமே என்று படகோட்டிகள் ஏசுவது அவன் காதில் விழுந்தது. கதவைக் கை வீங்கத் தட்டினான். கைதியின் பேச்சை உம் காவலர் எவன் கேட்டான்?

ஆறாம் நாள் நெல்லோடு வந்தவள் அவன் மனைவி காரிநங்கை. சாவுபயத்தில் அவன், வாயில் நம்முடையதுதான், உள்ளே வந்துவிடு என்று அலறினான். அவள் அழுதுகொண்டே துடுப்பைத் திருப்பினாள். அப்போதுதான் அவனுக்குப் புத்தி வந்து நடந்ததையெல்லாம் கத்திச் சொன்னான். அவள் நேரே நம்மிடம் வந்தாள். "குரல் அவருதுதான் தாயே. ஆனா மூணு முத்திரையும் இல்லாம நுழையாதேன்னு சொல்லிக் கொடுத்ததும் அவருதானே" என்று நம் முன் தேம்பினாள். எந்த வாயில் என்று முதலில் சொன்னவள் அவளே.

ஆகையால் ஆணை: மூன்றாம் வாயிலுக்கு முத்திரைகள் வந்த பேழையைத் திறந்து பாரும், நடு முத்திரை அதற்குள்ளேயே கிடக்கும். அதை மாட்டிப் பூதனை விடுவியும். இனிச் சோதிக்கப் போகும்போது கொடியை அவிழ்த்துவிட்டு, நெல்படகோடு நெல்படகாய் நின்று நான்கு வாயிலும் கண்டு வாரும்.

இவ்வோலை முதல் வாயில் வழியே உம் கையை எட்டும் வேளையில், காரிநங்கை மூன்றாம் வாயிலுக்கு வெளியே படகில் காத்திருப்பாள். மூன்று முத்திரையும் தொங்காமல், நாமே கட்டளையிட்டாலும் அவள் நுழையமாட்டாள். நாம் கட்டளையிடவில்லை.

நம் கைச்சாத்தும் முத்திரையும் இட்டோம். விரைக.