தொட்டியில் நீந்திய பல்லி

இன்று காலை பாத்திரம் கழுவுவதற்காகப் புதிய கையுறைப் பெட்டியைப் பிரித்தேன். அந்த வாசம் வந்தது. வேலை முடிந்து நீ தெருவோர ஒட்டுக்கடைக்குத் தேநீர் குடிக்க வரும்போது, எத்தனை முறை கழுவினாலும் போகாமல் உன் விரல்களில் இருக்குமே, ரப்பரும் மாவும் கலந்த அதே வாசம். பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுக் குழாயை மூடினேன். மேசையில் என் சிறுகதைத் தொகுப்பின் அச்சுப்படி கிடந்தது. நாளைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். உன் தவளை இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் பல்லிதான் இருக்கிறது.

நாம் பிறந்த தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். அதிலும் பாதி இன்று தாமான் குடியிருப்பு வீடுகள். தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு உங்களுடையது. பின்னால் சிமெண்டுத் தொட்டி, அதில் ஒரு தவளை. கொசுப்புழுவைத் தின்னும் என்று உன் அம்மா அதை விரட்டவில்லை. தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியைப் போல எந்நேரமும் முழித்துக்கொண்டிருக்கிறது என்று நீ அதற்குக் கிராணி என்றே பெயர் வைத்தாய். பள்ளிக்குக் கிளம்பும்போது அதனிடம் சொல்லிவிட்டுத்தான் வருவாய். பிறகு நான் கல்லூரிக்குப் போய், ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்தேன். நீ ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தி ஜெலாப்பாங் கையுறை ஆலைக்கு வேலைக்குப் போனாய். நான் எழுதியவற்றில் எனக்கே பிடித்த கதை, உன் தவளையைப் பற்றியது.

அதை ஓர் இதழுக்கு அனுப்பிய வாரத்தில்தான் ஆட்சி கவிழ்ந்தது. கட்சி மாறியவர்களை ஊரே தவளை என்று கூப்பிட்டது. நினைவிருக்கிறதா, ஒட்டுக்கடையில் தொலைக்காட்சிக்கு நேர் கீழே நாம் பசியாறிக்கொண்டிருந்தோம். தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அண்ணன் குவளையும் கையுமாகக் கத்தினார்.

"இன்னொரு தவளை தாவிருச்சுலா! யாராச்சும் மூடி போட்டு மூடுங்கப்பா!"

கடையே சிரித்தது. நீ ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னாய்: "பாவம்ணே தவளை. அது என்னா செஞ்சிச்சு உங்கள?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அலுவலகத்தில் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசிய நாட்கள் அவை. மேலதிகாரி மாறினார், அவரைப் புரிந்துகொள்வதற்குள் இன்னொருவர் வந்தார். கைப்பேசி ஒலித்தால் யாரென்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். அந்த நேரத்தில்தான் இதழாசிரியர் கூப்பிட்டார்.

"அக்கா, கதை நல்லாருக்கு. தவளைய மட்டும் மாத்திருங்களேன். இப்ப போய்த் தவளைன்னா, யாரையோ குத்துறீங்கன்னு நெனைப்பாங்க. நீங்க கவர்மெண்டு வேலை வேற."

கணினியில் ஒரே கட்டளையில் எல்லாத் தவளைகளையும் பல்லியாக்கினேன். தவளையை, பல்லியை. தவளைக்கு, பல்லிக்கு. வேற்றுமை உருபுகூட இடறவில்லை. மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இதழ் வந்த ஞாயிற்றுக்கிழமை நீ அதைக் கடை மேசையில் விரித்து உரக்கப் படித்தாய். "'பல்லி தொட்டிக்குள் குதித்து நீந்தியது.' என்னாடி இது? பல்லி எப்படிலா நீந்தும்?" கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாய். ஆசிரியர் சொன்னதைச் சொன்னேன். உன் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவனுங்க தாவுறதுக்கு முன்னாடியே அது எங்க தொட்டியில இருந்துச்சுடி. அது என் தவளை."

அந்தக் கதையால் ஒரு வம்பும் வரவில்லை. யாரும் கவனிக்கக்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வெகுகாலம் என்னால் எழுத முடியவில்லை. மழை என்று எழுதினால் யாரை நனைக்கிறாய் என்றும், நாற்காலி என்று எழுதினால் யாருடையது என்றும் உள்ளே யாரோ கேட்டார்கள். பயம் வந்தால் பேனாவைப் பிடுங்கிக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். என் பயம் அப்படி முரட்டுத்தனமாக நடந்துகொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பதவிசாக வேறு சொல் எடுத்துக் கொடுத்தது. நானும் வாங்கிக்கொண்டேன்.

ஆட்சி மறுபடி மாறியது. அப்புறமும் மாறியது. நீ மட்டும் மாறாமல் பார்க்கும்போதெல்லாம் கேட்டாய்: "எப்படிடி இருக்கு பல்லி? நீச்சல் கத்துக்கிருச்சா?" பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலில், முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டும் அதையேதான் கேட்டாய். அன்று கூடவே இன்னொன்றும் சொன்னாய்.

"புக்கு போடுறப்ப என் தவளைய தொட்டியில விட்டுரு."

"நெலமை கொஞ்சம் சரியாவட்டும்."

"யாரு நெலமை? என்னுதா, நாட்டுதா?"

இரண்டும் சரியாகவில்லை.

இப்போது புத்தகம் வருகிறது. பதிப்பாளர் இதழில் வந்த வடிவத்தையே எடுத்துக் கோத்திருக்கிறார். என் கணவர் பசியாறிக்கொண்டே அச்சுப்படியைப் புரட்டிப் பார்த்தார். "இப்பத்தான் ஒரு மாதிரி அடங்கியிருக்கு. மறுபடி எலெக்‌ஷன் பேச்சு வேற. பல்லியே இருந்துட்டுப் போவட்டும்லா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். எல்லாப் பல்லியையும் தவளையாக்குங்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் கதையில் ஓர் அசல் பல்லியும் இருக்கிறது. உங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்கு மேலே, சுவரில். அது சத்தம் கொடுத்தால் உன் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு விரலால் தரையைத் தட்டுவார். ஒரே கட்டளையில் மாற்றினால் சாமிப் படத்துக்கு மேல் தவளை ஏறிவிடும். நீ இருந்தால் அதற்கும் ஒரு வாரம் சிரிப்பாய். அதனால் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்தி, நீ தொட்டியா, சுவரா என்று விசாரித்துத் திருத்தினேன். முதல் சொல்லை அடிக்கத்தான் நேரமானது.

என் பயம் இன்னும் அடங்கவில்லை. அது அடங்கட்டும் என்று காத்திருந்த காலத்தில்தான் நீ போய்விட்டாய். இனி அதையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும் போலிருக்கிறது. களைப்பாகத்தான் இருக்கிறது.

அச்சுப்படியை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். விரலில் கையுறை வாசம் போகவில்லை. நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: பல்லி நீச்சல் கற்றுக்கொள்ளவே இல்லை. சுவருக்குத் திரும்பிவிட்டது.